பெரியப்பா காலியாக விட்ட கட்டம்

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் பெரியப்பாவின் மேசை இழுப்பறையைத் திறந்தேன். லென்ஸ், துணி நாடா, அடியில் பாதி நிரப்பிய தொல்பொருள் பதிவு விண்ணப்பம். பூஜை அறையில் இருக்கும் வெண்கலக் கிருஷ்ணனுக்கானது. உயரம், உலோகம், விவரம் எல்லாம் அவருடைய சாயாத கையெழுத்தில் இருந்தன. 'கிடைத்த விதம்' என்ற கட்டம் மட்டும் காலி.

நாற்பது ஆண்டுகள் சோழர் காலச் செப்புத் திருமேனிகளுக்கும், தஞ்சாவூர் ஓவியங்களுக்கும், செட்டிநாட்டு வீடுகளில் கிடந்த சீனப் பீங்கான்களுக்கும் வயதும் மதிப்பும் சொன்னவர் அவர். யார் சிலை கொண்டுவந்தாலும் கவிழ்த்துப் பீடத்தின் அடியைத்தான் முதலில் பார்ப்பார். "முகம் மயக்கிவிடும்" என்பார். உலா போன திருமேனி என்றால் பீடத்தில் தண்டு செருகும் துளைகளின் ஓரம் தேய்ந்திருக்க வேண்டும். தலைமுறை தலைமுறையாக அபிஷேகம் கண்டது என்றால் மூக்கும் கன்னமும் மழுங்கியிருக்க வேண்டும். பச்சைக் களிம்பைப் பார்த்தால் அசிட்டோனில் நனைத்த பஞ்சால் ஒற்றுவார். ஒருமுறை, சேமிப்பு முழுவதையும் கொடுத்துப் பார்வதி சிலை வாங்கிய ஒருவரின் கண் முன்னே அந்தப் பச்சை அப்படியே பஞ்சில் வந்துவிட்டது. பெரியப்பா அவருக்குத் தண்ணீர் கொடுத்து உட்காரவைத்துவிட்டுச் சொன்னார்: "சுவாமிமலையில் நேற்று வார்த்த சிலையும் அழகுதான் ஐயா. அதற்கு ஆயிரம் வயது சொன்னவன்தான் குற்றவாளி." அன்று கட்டணம் வாங்கவில்லை.

அப்படிப்பட்டவர், தன் வீட்டுச் சிலைக்கு ஒரு கட்டத்தை நிரப்ப முடியாமல் போனது ஏன் என்று எனக்குப் புரிந்தது. தாத்தா காலத்திலிருந்தே கிருஷ்ணன் வீட்டில் இருக்கிறார். எங்கிருந்து வந்தார் என்று பெரியப்பாவுக்குத் தெரியாது. தெரியாததை எழுத மாட்டார். 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறு ஆண்டுக்குக் குறையாத சிலையை வைத்திருப்பவர் பதிவு செய்ய வேண்டும். ஆனால் மண்ணில் கிடைத்ததென்றால் அது 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டத்துக்குள் போய்விடும். கோயிலிலிருந்து வந்ததென்றால் அது எங்களுடையதே அல்ல. அந்த ஒரு கட்டத்தில்தான் எல்லாம் இருக்கிறது.

கும்பகோணத்து அத்தையிடம் போனேன். "எங்கள் பாட்டி சீராகக் கொண்டுவந்தது, கண்ணா" என்றார். வாய்ச்சொல் போதாதே என்று தயங்கியபோது, அவரே பீரோவிலிருந்து தன் கல்யாணப் படத்தை எடுத்தார். வீட்டிலேயே நடந்த கல்யாணம். மணமக்களுக்குப் பின்னால் மாடப்பிறையில், மாலையோடு, இதே கிருஷ்ணன்! 2014இல், ஸ்ரீபுரந்தான் கோயிலில் திருடுபோன நடராஜர் ஆஸ்திரேலியாவிலிருந்து திரும்பி வர உதவியது புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் இருந்த பழைய புகைப்படம். பெரியப்பா அதை எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். தன் தங்கையின் பீரோவிலும் ஒன்று இருந்தது அவருக்குத் தெரியாமல் போனதே என்று எனக்குத் தொண்டை அடைத்தது.

மற்றது அலைச்சல்தான். பின்பக்கப் புகைப்படம் இல்லை என்று விண்ணப்பம் ஒருமுறை திரும்பியது. எடுத்துவைத்து மீண்டும் கொடுத்தேன். நீங்கள் கொடுப்பதானால் எல்லாப் பக்கமும் முதலிலேயே எடுத்துவிடுங்கள், பீடத்தின் அடி உட்பட. அமெரிக்காவில் இருக்கும் அண்ணன், பெரியப்பாவின் மகன், சிலையைத் தன்னுடன் கொண்டுபோக ஆசைப்பட்டார். தனியார் யாரும் தொல்பொருளை நாட்டைவிட்டுக் கொண்டுபோக முடியாது என்று சொன்னதும், "அப்பாவும் இதையேதான் சொல்லியிருப்பார்" என்றார். பெரியம்மாவின் பெயரிலேயே பதிவு செய்தோம்.

சான்றிதழ் வருவதற்கு முன் அலுவலர் ஒருவர் சிலையை நேரில் பார்க்க வீட்டுக்கு வந்தார். இளைஞர். பெரியப்பாவை அறிந்தவர் அல்ல. செருப்பைக் கழற்றிவிட்டுப் பூஜை அறைக்குள் வந்தார், கும்பிட்டார், கிருஷ்ணனை இரு கைகளாலும் எடுத்து, மெல்லக் கவிழ்த்து, அடியைப் பார்த்தார். நிலைப்படியில் நின்றிருந்த பெரியம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார்.