முத்து போட்டு எத்தனை நாள் ஆச்சு?

பங்குனி பிறந்துவிட்டால் எங்கள் குழந்தைகள் வார்டின் கோடியில் இருக்கும் தனி அறை காலியாக இருக்காது. சின்னம்மை வந்த பிள்ளைகளில் பெரும்பாலோர் வீட்டிலேயே தேறிவிடுவார்கள். எங்களிடம் வருவது மற்றவர்கள்: சொறிந்து சீழ் வைத்தவர்கள், அம்மை இறங்கும் நேரத்தில் நடை தள்ளாடுகிறவர்கள், மூச்சு வாங்கும் பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைகள். வயது ஏற ஏற அம்மை கடுமையாகத்தான் வருகிறது.

எனக்கு மறக்காதவன் ஓர் ஏழு வயதுப் பையன். நெஃப்ராட்டிக் என்ற சிறுநீரக நோய்க்காக மாதக்கணக்கில் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டு வந்தவன். முத்து போட்டு நான்காம் நாள் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஓயாத வாந்தி. கை கால் ஜில்லிட்டிருந்தது. கூப்பிட்டால் கண்ணை மட்டும் திறந்தான்.

"மாத்திரை குடுத்தீங்களா?"

"அம்மா வீட்டுக்கு வந்திருக்கும்போது மருந்து குடுக்கலாமா சிஸ்டர்? எல்லாத்தையும் நிறுத்திட்டோம்" என்றார் பாட்டி.

நெடுநாள் ஸ்டீராய்டு சாப்பிடும் உடம்பு, தானாக ஸ்டீராய்டு சுரப்பதைக் குறைத்துக்கொண்டுவிடும். மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால், அதுவும் காய்ச்சலில், ரத்த அழுத்தம் சரிந்துவிடும். அம்மையை எதிர்க்கும் சக்தியைக் குறைத்து வைத்திருப்பதும் அதே மாத்திரைதான். அதனால் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு முத்து கண்ட அன்றைக்கே அம்மைக் கிருமியை அடக்கும் அசைக்ளோவிர் மருந்தைத் தொடங்க வேண்டும். இவனுக்கு மூன்று நாள் போய்விட்டது. கையில் வென்ஃப்ளான் (நரம்பில் மருந்து ஏற்றும் குழாய்) போட்டு, ஸ்டீராய்டு ஊசியும் அசைக்ளோவிரும் ஏற்றினோம்.

பாட்டி மேல் எனக்குக் கோபம் வந்தது உண்மை. இரவு டூட்டியில் அவனுடைய பழைய நோட்டைப் புரட்டியபோது அது போய்விட்டது. மாத்திரை அளவு இருந்தது, சிறுநீரில் புரதம் எவ்வளவு என்று இருந்தது, உப்பைக் குறைக்கச் சொல்லியிருந்தது. அம்மை பற்றி ஒரு வரிகூட இல்லை. மாத்திரையை நிறுத்தாதீர்கள் என்று எங்களில் யாராவது வாயால் சொல்லியிருப்போம். அம்மை போட்டாலும் நிறுத்தாதீர்கள் என்று சொல்லவில்லை. பாட்டிக்கு அவை இரண்டும் வேறு வேறு.

தலைமாட்டில் அவர் வைத்த வேப்பிலைக் கொத்தை நான் எடுக்கச் சொல்லவில்லை. புண்ணில் தேய்க்காமல் இருந்தால் போதும் என்றேன். எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, ஒரு மணி நேரம் மெதுவாக மருந்து இறங்கும். அப்படி ஒரு வேளையில், "அம்மா கோச்சுக்க மாட்டாளா?" என்று கேட்டார். "பிள்ளையைக் காப்பாத்துறதுக்கு அவ ஏன் பாட்டிம்மா கோச்சுக்கப் போறா?" என்றேன்.

அப்புறம் வந்த ஒவ்வொரு ஸ்டீராய்டுப் பிள்ளையின் நோட்டிலும் பெரிய எழுத்தில் நானே எழுதுகிறேன்: அம்மை போட்டாலும் மாத்திரையை நிறுத்தக் கூடாது, வீட்டிலோ பக்கத்திலோ யாருக்காவது முத்து போட்டால் அன்றைக்கே வரவும். தொற்றியபின் முத்து தெரிய 10 முதல் 21 நாள் ஆகும். அதற்குள் வந்துவிட்டால் நாம் செய்ய நிறைய இருக்கிறது. கூடப் பிறந்தவர்களுக்குத் தடுப்பூசி போடச் சொல்கிறேன். அது அரசின் இலவசத் தடுப்பூசிப் பட்டியலில் இல்லை. காசு கொடுத்து வாங்க வேண்டும் என்றதும் முகம் வாடும் தாய்மார்களுக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை.

பொருக்கு எல்லாம் காய்ந்த பிறகு, வீட்டுக்குப் போகும் நாளில், தண்ணீர் ஊற்றிவிட்டுத்தான் அழைத்துப் போவேன் என்றார் பாட்டி. சரி என்று வெந்நீர் கொண்டுவந்து கொடுத்தோம். மஞ்சளும் வேப்பிலையும் போட்டுக் குளிப்பாட்டினார். துவட்டிவிட்டு, மாத்திரை அட்டையை என்னிடம் நீட்டினார்.

"இன்னைக்குக் காலையில போட வேண்டியதைக் குடுத்தாச்சா சிஸ்டர்?"