எந்த டையை இறக்குவது?

கப்பலூர் தொழிற்பேட்டையில் ரப்பர் உதிரிபாகம் செய்கிற ஒரு கம்பெனியில், புதுப் பாகங்களை உருவாக்கும் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரே நேரத்தில் 14 புராஜெக்ட், டிரையல் போட ஒரே ஒரு பிரஸ், அதாவது ரப்பரை அச்சில் வைத்துச் சூட்டோடு அழுத்தும் இயந்திரம். காலையில் எந்த வாடிக்கையாளர் போன் செய்கிறாரோ அவர் பாகத்துக்கான டையை, அதாவது அச்சை, ஏற்றுவோம், மதியம் இன்னொருவர் சத்தம் போட்டால் அதை இறக்கிவிட்டு அவருடையதை ஏற்றுவோம். இப்படி வளைந்து கொடுப்பதில் முதலாளிக்குப் பெருமை, எனக்கும்தான்.

ஆனால் எங்கள் ரப்பர் வேக 150 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். குளிர்ந்த டை அந்தச் சூட்டுக்கு வர எங்களுக்கு இரண்டு மணி நேரம் பிடிக்கும். ஒரு ஷிப்டில் இரண்டு தடவை மாற்றினால் பாதி நாள் போச்சு. மாதத்துக்கு இரண்டு புராஜெக்ட் முடிந்தாலே பெரிய விஷயம். அமெரிக்கப் பேராசிரியர் ஜான் லிட்டில் 1961-இல் நிரூபித்த கணக்கு ஒன்று உண்டு: கையில் கிடக்கும் வேலைகளை, அவை முடிகிற வேகத்தால் வகுத்தால், ஒரு வேலை சராசரியாக எவ்வளவு காலம் உள்ளே கிடக்கும் என்று வந்துவிடும். 14-ஐ 2-ஆல் வகுத்தால் 7 மாதம். நாங்கள் வாக்குக் கொடுத்ததோ 3 மாதம். யாரும் சும்மா இருக்கவில்லை, அழகர் ஆற்றில் இறங்குகிற அன்றைக்குக்கூட ஆட்கள் வந்தார்கள்.

டை ஃபிட்டர் அண்ணன் ஒருநாள், "தம்பி, ஏத்துறது என் பாடு. எதை இறக்கி வைக்கிறதுன்னு நீங்க சொல்லுங்க" என்றார். அவர் பிரஸ்ஸைத்தான் சொன்னார், எனக்கு மொத்தப் பட்டியலும் கண்முன் வந்து நின்றது.

8 புராஜெக்டை நிறுத்தி வைத்தோம். முதலாளியைச் சம்மதிக்க வைக்க மூன்று வாரம் ஆனது. ஒரு வாடிக்கையாளர் வேறு இடம் போய்விட்டார், அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது. மிச்சம் 6-உம் சொன்ன தேதியில் நகர ஆரம்பித்தன.

அப்புறம்தான் பிரஸ்ஸுக்குக் கொஞ்சம் ஓய்வு கிடைத்தது. பிரஸ்ஸில் ஒரு டை ஓடும்போதே அடுத்ததைப் பக்கத்தில் ஒரு சூட்டுத் தட்டில் வைத்துச் சூடாக்கலாமே என்றார் அண்ணன். செய்தோம், மாற்றும் நேரம் 40 நிமிடத்துக்கு வந்தது. மாதம் மூன்று முடிகிறது. ஜப்பானில் ஷிகேயோ ஷிங்கோ என்ற பொறியாளர் டொயோட்டாவின் 1000 டன் பிரஸ்ஸில் டை மாற்றும் நேரத்தை 4 மணி நேரத்திலிருந்து 3 நிமிடத்துக்குக் குறைத்ததும் இதே வழிதான், இயந்திரம் ஓடும்போதே செய்ய முடிகிற வேலையை அப்போதே முடித்து வைப்பது. அண்ணன் அதையெல்லாம் படித்தவர் இல்லை.

இந்தச் சூட்டுத் தட்டு யோசனையை அவர் இரண்டு வருடத்துக்கு முன்பே என்னிடம் கேட்டிருக்கிறார். பழைய நோட்டில் "பிரஸ் ஃப்ரீ ஆனதும் பார்க்கலாம்" என்று என் கையெழுத்திலேயே இருக்கிறது. அந்த இரண்டு வருடத்தில் பிரஸ் ஒருநாளும் ஃப்ரீ ஆகவில்லை. இப்போது சனிக்கிழமை மதியம் அதில் எந்த வாடிக்கையாளர் வேலையும் ஏறுவதில்லை, அந்த நேரம் அண்ணனுடையது.