விவாகரத்துப் பேச்சில் பி.எஃப். கணக்கையும் சேர்த்தேன்

பிரிவது என்று முடிவானதும் சொந்தக்காரர்கள் எல்லோரும் கேட்டது ஜீவனாம்சம் எவ்வளவு என்றுதான். என் வக்கீல் அக்கா மட்டும் முதல் சந்திப்பிலேயே, "அவரோட பி.எஃப். பாஸ்புக்கைப் பார்த்திருக்கியாம்மா?" என்று கேட்டார். அந்தக் கேள்விதான் எனக்கு வழி காட்டியது.

1955-ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டத்தில், கல்யாணத்துக்குப் பிறகு சேர்த்த சொத்தில் பாதி மனைவிக்கு என்ற விதி கிடையாது. இங்கிலாந்தில் நீதிமன்றமே பென்ஷனைப் பிரித்துக் கொடுக்கிறது. நமக்கு இருப்பது 25-வது பிரிவின்படி நிரந்தர ஜீவனாம்சம். பி.எஃப்., கிராஜுட்டி, பின்னால் வரப்போகும் பென்ஷன் எல்லாவற்றையும் மனத்தில் வைத்துத்தான் அந்தத் தொகையைப் பேச வேண்டும். கையெழுத்துப் போட்ட பிறகு, "அதை விட்டுட்டோமே" என்று போய் நிற்பது ரொம்பக் கஷ்டம்.

ஜீவனாம்ச வழக்குகளில் இரு தரப்பும் வருமானம், சொத்து, கடன் விவரங்களைப் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும் என்று 2020-இல் ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. எங்களுடையது பரஸ்பர சம்மத மனு. ஆனாலும் அதே படிவத்தை இருவரும் நிரப்பிக் கொடுப்போம் என்று கேட்டேன், அவரும் சம்மதித்தார். வருமான வரிக் கணக்கு, ஃபார்ம் 16, பாஸ்புக், வீட்டுக் கடன் ஸ்டேட்மென்ட் எல்லாம் மேஜைக்கு வந்ததும் பாதிச் சந்தேகம் தீர்ந்தது.

பென்ஷனைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். தனியார் கம்பெனியில் ஊழியர் 12 சதவீதம், கம்பெனி 12 சதவீதம் கட்டுகிறார்கள். கம்பெனி கட்டுவதிலிருந்து 8.33 சதவீதம் பென்ஷனுக்குப் போகிறது. ஆனால் 15,000 ரூபாய் சம்பளம்தான் அதற்கு உச்சவரம்பு என்பதால் பெரும்பாலானோருக்கு மாதம் 1,250 ரூபாய்தான் போகும். இந்த உச்சவரம்புச் சம்பளத்தைச் சர்வீஸ் வருடங்களால் பெருக்கி 70-ஆல் வகுத்தால் மாதப் பென்ஷன். 20 வருடம் முடித்தவருக்கு 2 வருடம் கூடுதலாகச் சேர்ப்பார்கள், அப்படியும் அதிகபட்சம் மாதம் சுமார் 4,714 ரூபாய். இவ்வளவுதானா என்று இருந்தது. ஆக, பெரிய பணம் பி.எஃப். இருப்பில்தான் இருந்தது. அவர் அரசு ஊழியராக இருந்திருந்தால் நிலைமை வேறு. பழைய ஓய்வூதியத் திட்டத்தில், ஊழியர் இறந்த பிறகு குடும்பத்துக்கு வரும் குடும்ப ஓய்வூதியம் பொதுவாகக் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம். விவாகரத்தான மனைவிக்கு அது கிடையாது. இழப்பு பெரிது, கேட்கும் தொகையும் அதற்கேற்பக் கூட வேண்டும். தனியார், அரசு இரண்டு திட்டத்திலும் பிள்ளைகளுக்கு 25 வயது வரை உள்ள பென்ஷன் உரிமை பெற்றோரின் விவாகரத்தால் போய்விடாது.

சமரச மையத்தில், கல்யாண நாளிலிருந்து பிரிந்த நாள் வரை பி.எஃப்.பில் கூடிய தொகையில் பாதி கேட்டேன். "அது என் சம்பளத்துல பிடிச்ச பணம்" என்றார் அவர். மகள் பிறந்து நான் வேலையை விட்டதோடு என் பி.எஃப். நின்றுபோனது. அவருடையது அதே வருடங்களில் வளர்ந்தது. இரண்டு பாஸ்புக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். அதற்கப்புறம் அவர் எதிர்த்துப் பேசவில்லை. இது நியாயமான கேள்வி என்று இன்றைக்கும் உறுதியாக நினைக்கிறேன். வேலையை விட்ட எந்தப் பெண்ணும் இதைக் கேட்கக் கூச்சப்பட வேண்டியதில்லை.

வேலையில் இருக்கும்போது பி.எஃப்.பை மொத்தமாக எடுக்க முடியாது. அதனால் ஃபிளாட்டில் அவருடைய பாதியை எனக்கு விடுதலைப் பத்திரம் எழுதித் தருவது, மீதிக்கு டிமாண்ட் டிராஃப்ட் என்று முடிவானது. பத்திரத்தைத் தீர்ப்புக்கு முன்பே பதியச் சொன்னார் வக்கீல். கணவன் மனைவியாக இருக்கும்வரை தமிழ்நாட்டில் குடும்பத்தாருக்கான 1 சதவீத முத்திரைக் கட்டணம்தான், அதற்கும் உச்சவரம்பு உண்டு.

வங்கிதான் இழுத்தடித்தது. நாங்கள் எங்களுக்குள் என்ன எழுதிக்கொண்டாலும், கோர்ட் என்ன சொன்னாலும், கடனில் கையெழுத்துப் போட்ட இருவரும் வங்கிக்குப் பொறுப்பு. ஃபிளாட்டின் மூலப் பத்திரமும் அவர்களிடம்தான் அடமானத்தில் இருந்தது. நான் மறுபடி வேலைக்குச் சேர்ந்த சம்பளச் சீட்டைக் காட்டி, தம்பியை இணைக் கடன்தாரராகச் சேர்த்த பிறகுதான் அவர் பெயரை எடுத்தார்கள், தடையில்லாச் சான்றும் தந்தார்கள். பரஸ்பர சம்மத விவாகரத்தில் முதல் மனுவுக்கும் இரண்டாவது மனுவுக்கும் நடுவில் உள்ள 6 மாத இடைவெளியைத் தளர்த்தலாம் என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. நாங்கள் கேட்கவில்லை. வங்கி வேலைக்கு அந்த அவகாசம் தேவைப்பட்டது.

மகளுக்கான மாதத் தொகையைத் தனியாக எழுதினோம், என் தொகையோடு கலக்கவில்லை. "இனி எதுவும் கேட்கமாட்டேன்" என்று நான் எழுதினாலும் அவளுடைய உரிமையை நான் விட்டுக்கொடுக்க முடியாது. டிராஃப்ட் எண்கள் உட்பட எல்லாம் தீர்ப்பில் ஏறின.

தீர்ப்பு வந்ததும் நாமினி வேலை. இன்ஷூரன்ஸில் பழைய பெயர் தானாக மாறாது, நாமே எழுதிக் கொடுத்து மாற்ற வேண்டும். என் பி.எஃப்.பில் ஆதார் ஓ.டி.பி. போட்டு மகள் பெயரைச் சேர்த்தேன். அப்புறம், தீர்ப்பின் சான்றிட்ட நகல்களைக் கூடுதலாகவே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வங்கி, இன்ஷூரன்ஸ், பாஸ்போர்ட் என்று போகிற இடமெல்லாம் கேட்கிறார்கள்.