அரண்மனைக்காரத் தெருவில் ஓர் ஊழியரின் கல்லறை

பாரிமுனையின் நெரிசலிலிருந்து அரண்மனைக்காரத் தெருவுக்குள் திரும்பினால், கடைகளுக்கு நடுவே ஆர்மீனியரின் புனித மரியாள் ஆலயம் இருக்கிறது. 1712-இல் தோன்றிய இவ்வாலயத்தின் இன்றைய கட்டடம் 1772-ஐச் சேர்ந்தது. வணிகத்துக்காக வந்து மதராசில் வேரூன்றிய அந்தச் சமூகம் இன்று நகரில் ஏறக்குறைய இல்லை; வாராந்தர ஆராதனையும் இல்லை.

முற்றத்தில் பாதை நெடுகக் கல்லறைக் கற்களே பாவப்பட்டிருக்கின்றன. கல்லறைமேல் கால் வைக்கத் தயங்கும் நம் வழக்கப்படி ஓரமாக ஒதுங்கினாலும், அங்கும் ஆர்மீனிய எழுத்துகள் பொறித்த இன்னொரு கல் காலடியில் வந்து நிற்கும். ஆலயத்தைவிட்டுத் தனித்து நிற்கும் மணிக்கூண்டில் ஆறு பெரிய மணிகள் உள்ளன. வழிபட வருவோர் இல்லாதபோதும், ஞாயிற்றுக்கிழமை காலையில் அவற்றை ஒலிக்கும் வழக்கத்தை ஆலயத்தைப் பராமரிப்போர் காத்து வந்திருக்கிறார்கள். வருகையின் எண்ணிக்கையைக் கொண்டே ஊழியத்தை அளக்கும் நம் சபைகளின் பழக்கம் எனக்கு என்றுமே உடன்பாடானதன்று. உக்கிராணக்காரனிடம், அதாவது தலைவனின் பொறுப்பை ஏற்று நடத்தும் ஊழியனிடம், அப்போஸ்தலர் பவுல் எதிர்பார்ப்பது உண்மை ஒன்றைத்தானே!

நான் நெடுநேரம் நின்றது அருட்தந்தை ஹாருத்யுன் ஷ்மாவோனியனின் கல்லறை அருகில். பாரசீகத்தின் ஷிராஸ் நகரில் பிறந்து, 1784-இல் இங்கு குருவாக வந்தவர் அவர். தம் இரு மகன்களையும் அடுத்தடுத்துப் பறிகொடுத்த துயரத்தில் சில ஆண்டுகள் தனிமையில் கழித்த பிறகே அவர் இந்தப் பணியை ஏற்றார் என்பதை அறிந்து அங்கே நிற்கும்போது, இழப்பு ஒருவரை ஊழியத்திலிருந்து விலக்கித்தான் தீரும் என்று எண்ணியிருந்த என் நெஞ்சம் கரைந்தது. தாய்நாட்டைவிட்டுச் சிதறி வாழ்ந்த தம் மக்கள் தாய்மொழியில் வாசிக்க வேண்டும் என்று அச்சகம் நிறுவி, 1794-இல் 'அஸ்தரார்' என்னும் இதழை வெளியிட்டார். உலகில் ஆர்மீனிய மொழியில் வந்த முதல் இதழ் அது. அச்சானது நம் மதராசில். மறையுரையோடு தம் கடமை முடிந்தது என்று அவர் கருதவில்லை. மக்களின் எழுத்தையும் அறிவையும் பேணுவதையும் மேய்ப்புப் பணியாகவே கொண்டார் என்றே நான் புரிந்துகொள்கிறேன்.

அந்த இதழ் 1796-இல் நின்றுபோயிற்று. அவரோ மதராசைவிட்டுப் போகவில்லை. அதன்பின் 28 ஆண்டுகள் இந்தச் சிறு சபையோடு வாழ்ந்து, 1824-இல் இங்கேயே மறைந்தார்.