தனி ஆவர்த்தனமும் பிளேன்ரீயும்

போன கிழமை கொழும்பு பம்பலப்பிட்டியில ஒரு கச்சேரி, தனி ஆவர்த்தனம், அதுதான் பாட்டு நிண்டு மிருதங்கம் தனிய வாசிக்கிற கட்டம், தொடங்கினதும் வழமை போல எங்கட வரிசை அப்பிடியே எழும்பிட்டுது, பிந்தினா வடை முடிஞ்சிடுமெல்லோ. பொய் சொல்லக்கூடாது, நானும் எத்தினையோ தரம் அப்பிடி எழும்பினவன்தான். இந்தமுறை ஒரு அம்மா காலுக்கை பெரிய பையை வைச்சுக்கொண்டு இருந்ததால வெளியில போகேலாமப் போச்சு.

அப்பதான் கண்டன், முன் வரிசையில ஒரு வயசான ஐயா மடியில தாளம் போட்டுக்கொண்டு இருக்கிறார். ஆதிதாளம், சுத்துக்கு எட்டு எண்ணிக்கை, அதாவது எட்டு அட்சரம். ஒரு தட்டு, சின்னவிரல், மோதிரவிரல், நடுவிரல், பிறகு தட்டு வீச்சு, தட்டு வீச்சு. மிருதங்கக்காரர் திஸ்ர நடைக்கு, அதாவது ஒவ்வொரு எண்ணிக்கையையும் மூண்டாப் பிரிக்கிற நடைக்கு, மாறினதும் சுத்தியிருந்த கையெல்லாம் குழம்பிட்டுது (என்ரயும்தான்), ஐயாவின்ர கை மட்டும் பிசகேல்ல. வடிவாப் பாத்தா மிருதங்கக்காரர் அடிக்கடி அந்தக் கையைத்தான் பாக்கிறார். முடிவில வாற கணக்கான சொற்கட்டு, கோர்வை, மூண்டுதரம் வந்து எடுப்பில, அதாவது பாட்டுத் தொடங்கிற இடத்தில, விழேக்க ஐயா தலையை ஒரு வெட்டு வெட்டினார், மிருதங்கக்காரர் சிரிச்சார், பிறகுதான் நாங்கள் கைதட்டினம்.

கலைஞருக்குப் பாக்க இப்பிடி ஒரு முகம் வேணும். மட்டக்களப்புக் கூத்தில வட்டக்களரியை, அந்த வட்டமான ஆடுகளத்தை, சுத்தி விடியவிடியச் சனம் இருக்கும், கூத்தர் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு முகம் தெரியும். 1960களில பேராசிரியர் வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழக மாணவர்களை வைச்சு அதைச் சுருக்கி மேடைக்குக் கொண்டுவந்தார், பெரிய வேலைதான், இல்லையெண்டு சொல்லேல்ல, ஆனா மேடையெண்டு வந்தா சனம் ஒரு பக்கமா இருட்டுக்குள்ள போயிடுது. இப்ப கொழும்பில அரங்கேற்றத்துக்குப் போனா இன்னும் மோசம், பிள்ளை ஆடேக்க அதுக்குத் தெரியிறது முகமில்ல, தூக்கிப் பிடிச்ச போன்தான், சொந்தக்காரர் எல்லாரும் ஸ்கிரீனைப் பாத்துக்கொண்டு இருக்கினம், அந்தப் பிள்ளை ஆரைப் பாத்து அபிநயம் பிடிக்கிறது?

மங்களம் முடிஞ்சு வெளியில வந்தா வடை இல்ல. ஐயா பிளேன்ரீயோட நிண்டார், நல்லா இருந்துது என்னையா எண்டு கேட்டன்.

"கோர்வைக்கு முதல் ஒருக்கா அரை அட்சரம் பிந்திட்டார், பிறகு வடிவாச் சமாளிச்சுக்கொண்டு வந்திட்டார், கவனிச்சனீரோ தம்பி?"

ஓம் ஐயா எண்டு தலையாட்டிட்டு வந்திட்டன்.