மானுக்காக மரம் பிடுங்கும் கோடியக்கரை

வேதாரண்யத்தைத் தாண்டியதும் சாலையை ஒட்டி உப்பளங்கள். மார்கழி என்பதால் பாத்திகளில் மழைத்தண்ணீர்தான் நின்றது. அப்படியே போனால் நிலம் முடிகிற முனை, கோடியக்கரை. பாக் நீரிணையும் வங்கக் கடலும் சேரும் இடம். பூநாரை பார்க்க வருகிற கூட்டம்தான் அதிகம். ஆனால் 1967-ல் இங்கே சரணாலயம் அறிவிக்கப்பட்டதில் வெளிமானுக்குப் பெரிய பங்கு உண்டு.

வெயில் ஏறுமுன் புல்வெளிக்குப் போய்விட்டோம். கறுத்த முதுகும் முறுக்கிய கொம்புமாக ஒரு கிடா தனியாக வந்தது. தரையில் குவிந்திருந்த பழைய புழுக்கையை மோந்து பார்த்தது, அதன் மேலேயே தானும் போட்டுவிட்டு நிமிர்ந்து நின்றது. எல்லைக்கல் நட்டாயிற்று! தூரத்தில் பெட்டைகள் மேய்ந்துகொண்டே மாறி மாறித் தலையைத் தூக்கின. தொலைவில் வரும் ஆபத்தைக் கண்ணால் பார்த்து ஓடிப் பிழைக்கிற விலங்கு இது. புதர் அடைத்துவிட்டால் அதன் கண்ணும் காலும் வீண்.

அடைப்பது சீமைக் கருவேலம். வழிநெடுக வேரோடு பிடுங்கிக் குவித்திருந்தார்கள். “வெட்டுனா மறுபடி தழைஞ்சுடும் சார், வேரோட எடுக்கணும்” என்றார் கூட வந்த வேட்டைத் தடுப்புக் காவலர். இனிப்பான அதன் நெற்றை விலங்குகள் விரும்பித் தின்கின்றன, விதை சாணத்தோடு வெளியே வந்து முளைக்கிறது. ஒரு குதிரைச் சாணத்தைக் காலால் விலக்கிக் காட்டினார்: உள்ளே விரல் உயரத்துக்குக் கன்றுகள். மழை ஈரம் இருக்கும்போது கையால் இழுத்தாலே வந்துவிடுகின்றன. ஒரு கோடை கடந்தால் பொக்லைன் வேண்டும். இங்கே மரம் பிடுங்குவதைப் பார்த்துக் கோபப்படுகிற சுற்றுலாப் பயணிகள் உண்டாம். கொஞ்சம் தள்ளி இராமர் பாதம் பக்கம் பாலை மரங்கள் நிற்கும் பழைய காடு இருக்கிறது. அதை யாரும் தொடுவதில்லை.

காடேறிப்போன அந்தக் குதிரைகளைப் படம் எடுக்காமல் யாரும் திரும்புவதில்லை, நானும் எடுத்தேன். இருந்தாலும் மான் மேயும் புல்லைத்தான் அவையும் மேய்கின்றன. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது மானும் செத்தது, குதிரையும் செத்தது.

அப்புறம் பறவைகள். பூநாரைகள் எங்கோ ஒரு வெளிறிய ரோஜாக் கோடு, அவ்வளவுதான். பைனாகுலர் இல்லாமல் போகாதீர்கள். கிட்டத்தில் கிடைத்தது கரண்டிவாயன். அலகைப் பாதி திறந்து தண்ணீருக்குள் விட்டு, அரிவாள் வீசுவதுபோல இடதும் வலதுமாக அலசிக்கொண்டே நடந்தது. கொசு உள்ளான்கள் கரையோரச் சேற்றில் மட்டும் ஓடின. ஆர்க்டிக் பக்கத்திலிருந்து வருகிற இந்தச் சிட்டளவுப் பறவைக்குக் கணுக்கால் ஆழத் தண்ணீரே அதிகம். மழை கூடினால் சேறு முழுகிவிடும், அவை வேறு இடம் தேடும். தண்ணீர் வடிய வடியத் திரும்பும்.

தை பிறந்தால் காவலர்களுக்குக் கடற்கரை வேலை. பங்குனி ஆமை என்கிற கடலாமை இரவில் இட்டுப்போகும் முட்டைகளை நாயும் நரியும் தோண்டுமுன் எடுத்து, வேலியிட்ட மணலில் புதைக்க வேண்டும். குஞ்சு பொரிக்க ஒன்றரை மாதத்துக்கு மேல் ஆகும். அதற்குள் கோடை வந்துவிடும், காட்டுக்குள் இருக்கும் தொட்டிகளில் நல்ல தண்ணீர் நிரப்பியாக வேண்டும். “சித்திரையில வாங்க சார், தொட்டிக்கு மான் வர்றதப் பாக்கலாம்” என்று காவலர் கூப்பிட்டார். வெயிலுக்குப் பயந்து இன்னும் போகவில்லை.