ஏழாம் நம்பரும் எட்டாம் நம்பரும் ஒரே தூரம் போனா

போன வாரம் எங்க வாட்ஸ்அப் குரூப்ல, புதுசா கோல்ஃப் ஆட ஆரம்பிச்ச ஒரு தம்பி ஒரு அயர்ன் செட் (இரும்புத் தலை வச்ச கோல்ஃப் மட்டைங்க) லிங்க் போட்டு "அண்ணா இது வாங்கலாமா, 26,000 தான் சொல்றாங்க, புது செட்டாம்"னு கேட்டிருந்தான். படத்தைப் பார்த்ததுமே எனக்கு வயித்த கலக்கிடுச்சு. ரெண்டு வருஷம் முன்னாடி நான் ஏமாந்தேனே, அதே செட், அதே படம், பின்னாடி தெரியுற மரத் தரை கூட அதே தான். உடனே அவனுக்கு போன் போட்டு ஒரு மணி நேரம் பேசினேன். அவன்கிட்ட சொன்னத மத்தவங்களுக்கும் சொல்லணும்னு தான் இத எழுதறேன்.

நான் நாப்பது வயசுக்கு மேல தான் இந்த விளையாட்டுக்கு வந்தேன். நந்தனத்துல ரேஞ்ச்ல, அதாவது பந்து அடிச்சுப் பழகுற இடத்துல, வாரத்துல ரெண்டு நாள் காலைல பந்து அடிக்கப் போவேன், முதல் ஆறு மாசம் அங்க குடுக்குற கிளப்ப, அதாவது மட்டைய, வச்சே பழகினேன், அப்புறம் சொந்தமா ஒரு செட் வேணும்னு ஆசை வந்துருச்சு. ஷோரூம்ல விசாரிச்சா நான் ஆசைப்பட்ட செட் 80,000-க்கு மேல. ஆன்லைன்ல அதே செட்ட ஒருத்தர் 28,000-க்கு போட்டிருந்தார். "கிஃப்ட்டா வந்தது சார், எனக்கு ஆட டைம் இல்ல, கவர கூட பிரிக்கல"ன்னு சொன்னார். ஹெட் (மட்டையோட தலை) மேல பிளாஸ்டிக் உறை, தண்டுல பார்கோடு ஸ்டிக்கர், கழுத்துல சீரியல் நம்பர் எல்லாமே இருந்துச்சு. யுபிஐல காச அனுப்பிட்டேன், அஞ்சு நாள்ல பெட்டி வீட்டுக்கு வந்துருச்சு.

கோல்ஃப் தெரியாதவங்களுக்கு ஒரு விஷயம் சொல்லிடறேன். அயர்ன்ல நம்பர் ஏற ஏற பந்துல படுற முகத்தோட சாய்வு கூடும், அத லாஃப்ட்னு சொல்வாங்க, தண்டு அரை இன்ச் அரை இன்ச்சா குறையும். அதனால ஏழாம் நம்பர்ல அடிச்சா போற தூரத்த விட எட்டாம் நம்பர்ல ஒரு பத்து கஜம் கம்மியா போகணும், ஒன்பதுல இன்னும் பத்து கஜம் கம்மி. இந்த இடைவெளிய நம்பித்தான் மொத்த ஆட்டமுமே, கொடிக்கு இன்னும் இவ்வளவு தூரம், அப்ப இந்த கிளப்னு கணக்கு போட்டு தான் பையில கை வைப்போம்.

எனக்கு ஏழும் எட்டும் ஒரே தூரம் போச்சு, ரெண்டுமே 115 கஜம் சுமார், சில நாள் எட்டு இன்னும் கொஞ்சம் முன்னாடி போய் விழும். ஒன்பது எடுத்தா பந்து திடீர்னு ரொம்ப கிட்டக்கவே விழுந்துரும். இத என் ஸ்விங்ல, அதாவது நான் மட்டைய வீசுற விதத்துல, இருக்குற தப்புன்னே நினைச்சேன், எவ்வளவோ வீடியோ பார்த்தேன், கைப்பிடிய மாத்தினேன், பந்து வைக்குற இடத்த மாத்தினேன், தினமும் ஆபீஸ் போறதுக்கு முன்னாடி 100 பந்து அடிச்சு அடிச்சு இடது மணிக்கட்டு வீங்கி ரெண்டு வாரம் கட்டு போட்டுட்டு இருந்தேன். மூணு மாசம் இப்படியே போச்சு. காசு போனது கூட பெருசா தெரியல, அந்த மூணு மாசத்த நினைச்சா தான் இப்பவும் மனசு ஆறல. நல்லா வந்துட்டு இருந்த ஸ்விங்க நானே கெடுத்துக்கிட்டேன், "நமக்கு இது வராது போல"ன்னு விட்டுடலாம்ங்கிற அளவுக்கு போயிட்டேன்.

கண்டுபிடிச்சு சொன்னது அங்க கேடியா (ஆடறவங்களோட கிளப் பைய தூக்கிட்டு கூட வர்றவர்) இருக்குற ஒரு அண்ணன். பன்னெண்டு வயசுல இருந்து பை தூக்குறவர், அவர் கைல படாத கிளப்பே கிடையாது. அன்னைக்கு நான் அடிக்கறத பின்னாடி நின்னு பார்த்துட்டு இருந்தவர் "சார், அத இப்படி குடுங்க"ன்னு ஏழாம் நம்பர வாங்கினார். அடிக்கவே இல்ல, காதுகிட்ட வச்சு ஒரு குலுக்கு குலுக்கினார், உள்ள கலகலன்னு சத்தம், காஞ்சு போன பசைத் துண்டு தண்டுக்குள்ள உருளுது. தண்டு போய் ஹெட்டோட சேருற இடத்துல கறுப்பா ஒரு பிளாஸ்டிக் வளையம் இருக்கும், ஃபெரூல்னு பேரு, அதுக்கும் இரும்புக்கும் நடுவுல அவர் கட்டைவிரல் நகம் உள்ள போச்சு. நல்ல கிளப்ல அங்க விரல வச்சு தடவினா மேடு பள்ளமே தெரியாது. "எங்க வாங்கினீங்க சார்?"னு மெதுவா கேட்டார். சொன்னேன். எதுவும் பேசாம ஒன்பதாம் நம்பர எடுத்து ஒரு கைல தண்டு, ஒரு கைல ஹெட்டு, ஈரத் துணிய பிழியுற மாதிரி முறுக்கினார். ஹெட்டு திரும்புச்சு.

பந்து அடிக்க நிக்குற அடுத்த இடத்துல ஒரு ஸ்கூல் பொண்ணு அவங்க அப்பாவோட நின்னு அடிச்சுட்டு இருந்துச்சு. அந்த ஹெட்டு கழண்டு பறந்திருந்தா எந்தப் பக்கம் போயிருக்கும்னு நினைக்கும்போதே கை நடுங்கிருச்சு. கால் கிலோவுக்கு மேல இருக்குற இரும்புங்க அது.

மறுநாள் கிளப் ரிப்பேர் பண்ற ஒருத்தர்கிட்ட செட்ட கொண்டு போனேன். அவர்கிட்ட லாஃப்ட் அளக்குற மெஷின் இருக்கு, ஒவ்வொண்ணா மாட்டி அளந்தார். ஏழு 34 டிகிரி, எட்டு 35, ஒன்பது 43. ஒரு நம்பருக்கும் அடுத்த நம்பருக்கும் சுமார் 4 டிகிரி இருக்கணும்ங்க, எனக்கு ஒரு இடத்துல 1, ஒரு இடத்துல 8! அப்புறம் தராசுல வச்சார். நம்பர் ஏற ஏற தண்டு குறையுறதால ஹெட்டோட எடை ஏழு ஏழு கிராமா ஏறிட்டே வரணும், அப்ப தான் எல்லா கிளப்பும் கைல ஒரே மாதிரி இருக்கும், கழட்டி வச்சுப் பார்த்தா என்னோட எட்டு ஏழ விட 9 கிராம் கம்மி. அவர் சொல்லிட்டே போக, எனக்கு ஒரு பக்கம் கோபம், இன்னொரு பக்கம் "அப்ப தப்பு என்கிட்ட இல்லயா"ன்னு கண்ணுல தண்ணியே வந்துருச்சு.

விக்கிறவங்க எல்லாரும் சொல்ற ஒரு வார்த்தை இருக்கு, "இது ஃபேக்டரி ஓவர்ரன் சார், அதே ஃபேக்டரி மால் தான்", அதாவது ஆர்டருக்கு மேல செஞ்சு மிஞ்சினதாம். ஒரிஜினலும் நிறைய சீனாவுல தான் வார்க்குறாங்கங்கிறதால இத சுலபமா நம்பிடுவோம். ஆனா வழக்கமா நடக்குறது வேற. நிறைய அயர்ன் ஹெட்ட மெழுகு அச்சு வச்சு தான் வார்ப்பாங்க, சுவாமிமலையில சாமி சிலை வார்க்குறாங்களே, அடிப்படைல அதே முறை தான். மெழுகுல உருவம் செஞ்சு, மேல பூசி, மெழுகு உருகி வெளிய போன இடத்துல உலோகத்த ஊத்துவாங்க. உலோகம் ஆறும்போது சுருங்கும், அதனால கம்பெனிக்காரன் அந்த சுருக்கத்துக்கும் சேர்த்து அச்ச பெருசா போட்டு வச்சிருப்பான். டூப்ளிகேட் பண்றவன் கடைல ஒரு ஒரிஜினல் வாங்கி, அது மேலயே அச்சு எடுத்தான்னா வார்க்குறது சின்னதா தான் வரும், எடை மாறும், அத சரிக்கட்ட ஏதாவது அடைப்பான், உலோகமும் மட்டமானது, வார்த்த அப்புறம் ஒவ்வொண்ணையும் வளைச்சு டிகிரி சரி பண்ற வேலைய யார் பண்றா? எழுத்தும் பெயின்ட்டும் மட்டும் அச்சு அசலா இருக்கும், ஏன்னா படத்துல தெரியுறது அது தான்.

சின்ன குடிசைத் தொழில்னு நினைக்காதீங்க. டைட்லிஸ்ட் பிராண்ட வச்சிருக்குற அகுஷ்நெட், காலவே, பிங், டெய்லர்மேட் மாதிரி களத்துல ஒருத்தர ஒருத்தர் அடிச்சுக்குற கம்பெனிகளே 2004-ல இருந்து இதுக்குன்னு ஒரு குழு வச்சு சேர்ந்து வேலை செய்றாங்க. 2020-ல ஷாங்காய்ல போலீஸ் ரெய்டு போனப்ப கிளப், பந்து, பைன்னு 1,20,000-க்கு மேல போலிப் பொருள் மாட்டுச்சு.

அந்த தம்பிகிட்ட சொன்னது இது தான். விலை பாதிக்கும் கீழ, மாடல் புதுசு, பெட்டி பிரிக்காததுன்னா, அங்கயே நின்னுரு. கம்பெனி வெப்சைட்ல டீலர் லிஸ்ட் இருக்கும், அதுல அவங்க பேர் இருக்கான்னு பாரு. செகண்ட் ஹேண்ட் தப்பே இல்ல, ஆனா நேர்ல போய் ஒரு பந்தாவது அடிச்சுப் பார்த்துட்டு காச குடு. சீரியல் நம்பர கம்பெனிக்கு மெயில் பண்ணி கேளு, ஆனா நம்பர் இருக்குறதாலயே ஒரிஜினல் ஆகிடாது, ஒரே நம்பர நூறு செட்ல அடிச்சு விடுவான். டைட்டானியம் டிரைவர் (ரொம்ப தூரம் அடிக்குற பெரிய தலை கிளப்)னு சொன்னா ஒரு காந்தத்த முகத்துல வச்சுப் பாரு, ஒட்டுச்சுன்னா அது டைட்டானியம் இல்ல. ஒட்டலன்னாலும் நல்லதுன்னு அர்த்தம் இல்ல, அலுமினியத்துலயும் காந்தம் ஒட்டாது.

என் காசு திரும்பி வரல. அந்த ஆள் நம்பர மாத்திட்டார், லிஸ்டிங்க தூக்கிட்டாங்க, நான் விஷயம் புரிஞ்சு 1915 நுகர்வோர் ஹெல்ப்லைனுக்கு போன் பண்ணும்போது மூணு மாசத்துக்கு மேல ஆகிருச்சு. நீங்க ஏமாந்துட்டா அன்னைக்கே சைபர் குற்ற ஹெல்ப்லைன் 1930-க்கு போன் பண்ணுங்க, பணம் நகர்றதுக்குள்ள சொன்னா நிறுத்த வாய்ப்பு இருக்கு. போலி பிராண்ட் போட்ட பொருள விக்கிறது 1999 டிரேட் மார்க்ஸ் சட்டத்துல ஆறு மாசத்துல இருந்து மூணு வருஷம் வரை ஜெயில்னு இருக்குற குற்றம். இது "ஃபர்ஸ்ட் காப்பி"ன்னு தெரிஞ்சே வாங்கி, கொஞ்ச நாள் ஆடிட்டு, குரூப்ல ஒரிஜினல் மாதிரி தள்ளி விடுறவங்களுக்கும் சேர்த்து தான் சொல்றேன். உங்ககிட்ட வாங்குறவன் உங்களுக்கு அடுத்து ஆட வர்ற தம்பிங்க.

என் செட்டயும் 10,000-க்கு கேட்டாங்க, "நான் பார்த்துக்கறேன், யார்கிட்டயாவது தள்ளிடலாம்"னு. மனசு வரல. ரிப்பேர்காரர்கிட்டயே ஹேக்சா பிளேடு வாங்கி ஏழு தண்டையும் நானே அறுத்தேன். அறுத்த வாய வெளிச்சத்துல வச்சுப் பார்த்தா ஒரு பக்கம் சுவர் தடிமனா, எதிர் பக்கம் தகரம் மாதிரி. துண்டையெல்லாம் பழைய இரும்புக் கடைல போட்டுட்டேன்.

இப்ப ஆடறது பதினஞ்சு வருஷத்து பழைய செட், அந்த கேடி அண்ணன் தான் தெரிஞ்ச இடத்துல பேசி 15,000-க்கு வாங்கிக் குடுத்தார். முகத்துல தேய்மானம் இருக்கு, கிரிப் மட்டும் புதுசா போட்டேன். முதல் நாள் அவர் பின்னாடி நிக்க ஏழுல பத்து பந்து, எட்டுல பத்து பந்து அடிச்சேன். ஏழு 130 கிட்ட போய் விழுந்துச்சு. எட்டு 120.